அயலட்டை இல்லாத வீடு: வலிகாமம் வடக்கில் ஒரு முதிய தாயின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு 78 வயதுத் தாய் ஒருவருடையது. 2023இன் தொடக்கத்தில் கிளினிக் வைத்தியர் அவரை நான் வேலை செய்யும் உளசமூகப் பிரிவுக்கு அனுப்பினார். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: நித்திரை இல்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, மறதி கூடுகிறது, பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில், வீட்டில் பராமரிக்க ஒரு பெண் இருக்கிறார், மறதி நோய் தொடங்குகிறதா என்று பார்க்கவும். தாயின் சம்மதத்தோடும் பிள்ளைகளின் சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காணக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதியோர் பிரச்சினை என்றதும் கைவிடப்பட்டவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். சட்டமும் அப்படித்தான் யோசிக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 60 வயதைக் கடந்த, தன்னைப் பராமரிக்க வழியில்லாத ஒருவர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டுச் சபையொன்றின் முன் போகலாம். தேவையான ஏற்பாடுதான். ஆனால் இந்தத் தாய்க்குப் பிள்ளைகள் எதிலும் குறை வைக்கவில்லை. வீடு, பணம், மருந்து, துணைக்கு ஆள், ஒவ்வொரு நாளும் போன், எல்லாம் இருந்தன. அப்படியிருந்தும் அவர் சாப்பிடாமல் மெலிந்துகொண்டு வந்தார். இப்படியான வீடுகள் இன்றைய யாழ்ப்பாணத்தில் நிறைய இருக்கின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வலிகாமம் வடக்கில் ஒரே கிராமத்தில். கணவர் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது அந்தப் பகுதிச் சனம் முழுவதும் எழும்பி ஓடியது. இவர்களும் மூன்று பிள்ளைகளோடு சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு கிராமத்துக்கு வந்து, தூரத்து உறவினர் ஒருவரின் காணியில் சின்ன வீடு போட்டுக்கொண்டு இருந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது கொடிகாமம் வரை போய், அடுத்த வருடம் அதே இரவல் காணிக்குத் திரும்பினார்கள். மூத்த மகள் கனடா போனார், மகன் சுவிஸ் போனார், இளைய மகள் லண்டனில் கலியாணம் செய்தார். கணவர் 2004இல் மாரடைப்பில் காலமானார்.

ஊர்க் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது. 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாகக் காணிகள் விடுபட்டபோது இவர்களுடையதும் விடுபட்டது. பிள்ளைகள் மூவரும் காசு சேர்த்து அங்கே மாடி வீடு கட்டினார்கள். 2019இல் குடிபூரல். 29 வருடம் இரவல் காணியில் இருந்த தாய் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். சொந்தக்காரர் எல்லாரும் அதைப் பெரிய நிறைவாகப் பார்த்தார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார்.

அவர் சொன்ன முறைப்பாடு

முதல் சந்திப்பில் மனம் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. "கைகால் உளையுது பிள்ளை. நெஞ்சு படபடக்குது. சாப்பாடு இறங்குதில்லை." இவ்வளவுதான். நம் முதியவர்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வெளியே வரும். அழமாட்டார்கள், கவலை என்றும் சொல்லமாட்டார்கள், உளைவு என்பார்கள். "யோசினை ஏதும் இருக்கோ அம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன யோசினை? பிள்ளையள் குறை வைக்கேல்லை" என்றார். உடனே மகள் அனுப்பிய சேலையைக் காட்டினார்.

ஒரு வருடத்தில் எடை 58 கிலோவிலிருந்து 51 கிலோவுக்கு இறங்கியிருந்தது. இரவில் இரண்டு, மூன்று மணித்தியால நித்திரை. பின்னேரத்தில் விறாந்தைக் கதிரையில் இருந்து படலையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று பராமரிக்கும் பெண் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல், வன்னியைச் சேர்ந்தவர், கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"கடவுள் என்னைக் கெதியாக் கூப்பிட்டால் காணும்" என்று தாய் ஒரு தடவை சொன்னார். வயதானவர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. இலங்கையில் தற்கொலை முதியவர்களிடையே, குறிப்பாக வயதான ஆண்களிடையே, அதிகம். நேராகக் கேட்டேன்: உயிரை விட வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா, எப்படி என்று யோசித்தீர்களா? கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அனுபவத்திலும் ஆய்வுகளிலும் அது அப்படி இல்லை. கேட்கப்பட்டதில் பெரும்பாலானவர்களுக்கு ஆறுதல்தான். "அப்பிடியெல்லாம் இல்லைப் பிள்ளை. காலையில எழும்ப மனமில்லை, அவ்வளவுதான்" என்றார். திட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்துப் போத்தல்களை வீட்டிலிருந்து அகற்றினோம். குளிசைகளைப் பராமரிக்கும் பெண் பூட்டி வைத்து நேரத்துக்கு எடுத்துக்கொடுப்பதென்று முடிவுசெய்தோம். இரவில் ஏதும் என்றால் எடுக்க 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டினோம்.

மறதி எங்கிருந்து வந்தது

ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகளின் பெரிய பயம் மறதி நோய்தான். அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. தாய் இரண்டு தடவை காஸ் அடுப்பை அணைக்காமல் விட்டிருக்கிறார். ஒரு நாள் முற்பகலில் தான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று தெரியாமல் தடுமாறியிருக்கிறார். போனில் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்கிறார்.

மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் மறதி நோய் போலத்தான் தோன்றும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம்.

முற்பகல் தடுமாற்றத்துக்குக் காரணம் சீனி குறைந்தது. அவருக்கு நீரிழிவு இருக்கிறது, காலையில் குளிக்லசைட் குளிசை போடுகிறார். சாப்பாடு அரைவாசியாகிவிட்டது, குளிசையின் அளவு மட்டும் பழையபடியே இருந்தது. சாப்பிடாமல் இந்த வகைக் குளிசையைப் போட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். முதியவரிடம் முதல் இரண்டும் தெரியாமல் தடுமாற்றம் மட்டும் தெரிவதும் உண்டு. வைத்தியர் குளிசையை மாற்றிய பின் அப்படி மறுபடி நடக்கவில்லை.

அடுப்பை மறந்ததற்குப் பின்னால் நித்திரைக் குளிசை இருந்தது. உறவினர் ஒருவரின் பழைய மருந்துத் துண்டைக் காட்டி பாமசியில் டயஸிபாம் வாங்கி, மாதக்கணக்காக இரவில் போட்டு வந்திருக்கிறார். கிளினிக்கில் யாருக்கும் இது தெரியாது. இந்த மருந்து வயதானவர்களின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். அடுத்த நாளும் மந்தமாக வைத்திருக்கும், ஞாபகத்தைக் குறைக்கும், விழுத்தியும் விடும். அதற்காகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வைத்தியரின் சொற்படி சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். முதியவர் வீட்டுக்குப் போகிற எவரும் மருந்துப் பெட்டியை மட்டும் பார்த்தால் போதாது. தலையணைக்குக் கீழே, சாமியறைத் தட்டில், கைப்பையில் என்ன இருக்கிறது என்றும் மெதுவாகக் கேட்க வேண்டும்.

சம்பந்தமில்லாத பதிலுக்குக் காரணம் காது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகக் குறைந்திருந்தது. போனில் பாதி விளங்காது. பிள்ளைகள் இரண்டு தடவைக்கு மேல் திருப்பிக் கேட்டால் குரல் உயரும், தாய்க்கு அது கோபம்போல் கேட்கும். அதனால் எல்லாவற்றுக்கும் "ஓமோம்" என்று பழகிவிட்டார். மகன் விலை கூடிய காது கேட்கும் கருவி இரண்டை சுவிஸிலிருந்து அனுப்பியிருந்தார். அவை அலுமாரிக்குள் பெட்டியோடு இருந்தன. போட்டால் கீச்சிடுகிறதாம். அந்தக் கருவி, அளந்து பொருத்தி, ஒவ்வொருவரின் காதுக்கும் ஏற்றபடி ஒலியைச் சரிசெய்த பிறகுதான் பயன்படும். பழகுவதற்கும் பல வாரங்கள் எடுக்கும். காதுக் கிளினிக்கில் குறும்பியை எடுத்து, கருவியையும் சரிசெய்த பின், அமைதியான அறையில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று பழக்கினோம். லான்செட் ஆய்விதழின் ஆணைக்குழு 2024இல் மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவது, மனச்சோர்வு, சமூகத் தொடர்பு அற்றுப்போவது மூன்றுமே அதில் இருக்கின்றன. இந்தத் தாயிடம் மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நின்றன.

15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலில் அவருக்கு 10 புள்ளி வந்தது. 5ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். வெளியே போவதைவிட வீட்டில் இருக்கத்தான் விருப்பமா என்ற கேள்வியில் அவர் நின்றுவிட்டார். "வெளியில போக எங்க இருக்கு பிள்ளை?" என்று திருப்பிக் கேட்டார். விடைத்தாளில் ஆம், இல்லை என்ற இரண்டு கூடுகள்தான் உண்டு. அந்தப் பதிலைப் பக்கத்தில் எழுதி வைத்தேன். பின்னர் செய்த எல்லாவற்றுக்கும் அதுதான் அடி எடுத்துக் கொடுத்தது.

ஞாபகச் சோதனையில் 30க்கு 22. ஆனால் பல கேள்விகளுக்கு முயன்று பார்க்காமலே "தெரியாது" என்றார். மறதி நோயுள்ளவர் பொதுவாக ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வில் இருப்பவர் முயற்சியையே விட்டுவிடுவார். இது மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனாலும் நல்ல அடையாளம். எப்போது தொடங்கியது என்பதையும் இவரால் சொல்ல முடிந்தது: "பெற்றோல் இல்லாத வருசத்துக்குப் பிறகு."

வளவுக்குள் நடந்தபோது

உண்மையான கதை கதிரையில் இருந்து கதைத்தபோது வரவில்லை. ஒரு பின்னேரம் "வளவைக் காட்டுங்கோ அம்மா" என்று கேட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். பழைய வீட்டின் அத்திவாரம் இன்னும் கிடக்கிறது. கிணற்றடியில் துலாக்கால் நின்ற இடத்தைக் காட்டினார். அப்புறம் வேலி இருந்த எல்லைகளைக் காட்டத் தொடங்கினார். கிழக்கே சின்னம்மா வீடு. பிள்ளைகள் பாரிஸில், அவர் இறந்து கன காலம். தெற்கே தையல்கார அக்கா, இப்போது அந்தக் காணியில் பற்றைதான். வடக்கே கணவரின் கூட்டாளி, கனடாவில் இருக்கிறார், காணியை விற்கப் போகிறாராம். ஒவ்வொரு வீட்டையும் அதில் நின்ற மரத்தால் சொன்னார். முன்னால் புது மதில் வைத்த இரண்டு வீடுகள். இரண்டிலும் வருடத்தில் ஒரு மாதம், கோவில் கொடியேற்றத்தோடு ஆள் வரும். மற்ற நேரம் பூட்டு.

"நான் வந்த ஊர் இது. ஆனால் ஒருத்தரும் வரேல்லையே" என்றார். அதைச் சொல்லிவிட்டுப் பயந்தவர்போல், "பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதை. கஷ்டப்பட்டுக் கட்டினதுகள்" என்றார்.

அன்று உள்ளே வந்து ஒரு தாளில் உறவு வரைபடம் போட்டோம். நடுவில் அவர், கிட்ட இருப்பவர்கள் உள்வட்டத்தில், தூரத்தில் இருப்பவர்கள் வெளிவட்டத்தில். உள்வட்டத்தில் பிள்ளைகளைத் தவிர அவர் வைத்த நான்கு பேரும் சுன்னாகப் பக்கத்து இரவல் காணியின் அயலட்டை. இப்போது இருக்கும் கிராமத்திலிருந்து எந்த வட்டத்திலும் ஒருவரும் இல்லை.

இரவல் காணியில் அவருடைய நாள் எப்படிப் போனது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அங்கே மதில் இல்லை, கிடுகு வேலி. வேலிப் பொட்டுக்குள்ளால் இரண்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பார். அந்தப் பகுதியில் பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சரக்குத்தூள் இடித்துக் கொடுப்பது இவர்தான். எது எவ்வளவு, எதை வறுப்பது, எதைப் பச்சையாகப் போடுவது என்பதெல்லாம் இவர் கைக்கணக்கு. குழந்தை இரவில் அழுதால் நாவூறு கழிக்க இவரிடம் கொண்டுவருவார்கள். மிளகாய்த்தூள் வறுக்கிற நாளில் நாலு வீட்டுக்குச் சேர்த்து வறுப்பார்கள். கணவரின் திவசத்துக்கு முதல் நாளே மூன்று பெண்கள் மரக்கறி நறுக்க வந்துவிடுவார்கள். புது வீட்டில் திவசச் சமையலைக் கடையில் எடுத்தார்கள், ஐயர் வந்து போனார், மிஞ்சியதைக் கொடுக்க அயலில் ஆள் இல்லை. இதைச் சொல்லும்போதுதான் அவர் முதன்முதல் அழுதார்.

ஆக, இந்தத் தாய் இழந்தது வெறும் துணையை அல்ல. தன்னிடம் எதையாவது கேட்டு வருகிற ஆட்களை இழந்திருந்தார். இப்போது அவரைச் சுற்றி உள்ள எல்லாரும் அவருக்குக் கொடுக்கிறவர்கள். அவரிடமிருந்து எவருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. பராமரிப்புத் திட்டங்களில் நாங்கள் சாப்பாடு, மருந்து, சுத்தம், பாதுகாப்பு என்று நிரல் போடுகிறோம். இதற்கு அந்த நிரலில் இடமே இல்லை. இது இருக்க வேண்டும் என்பதுதான் இந்த நிகழ்விலிருந்து நான் வலியுறுத்துவது.

வந்த புதிதில் பழைய அயலட்டை சைக்கிளிலும் ஓட்டோவிலும் வந்து போனார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது, வரவு நின்றது. அது சீராகும் நேரத்தில் 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு. ஓட்டோக் கூலி ஏறி இறங்கவே இல்லை. இரண்டு தடவை அறுந்த பழக்கம் தானாகத் திரும்பவில்லை. அவர்களுக்கும் ஒரு கூச்சம் இருந்தது: பெரிய வீடு, கேற்றில் கமரா, மணி அடித்து நின்று போக வேண்டும். "முந்திமாதிரிப் போய் இருக்கேலாது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

போரில் பிள்ளையை இழந்த, அல்லது பிள்ளை என்ன ஆனது என்றே தெரியாத தாய்மாருடைய துயரத்துக்கு வேறு கேள்விகளும் வேறு வழியும் வேண்டும். இந்தத் தாய்க்கு அந்த இழப்பு இல்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். யாழ்ப்பாணத்தில் எந்த முதியவரைப் பார்க்கும்போதும் இதைக் கேட்காமல் மேலே போகக் கூடாது.

கமரா

வீட்டுக்குள் மூன்று கமராக்கள்: குசினி, விறாந்தை, படுக்கையறை வாசல். பேசவும் முடிகிற வகை. காலையில் பராமரிக்கும் பெண் புட்டு அவிக்கும்போது சுவரிலிருந்து குரல் வரும்: "அம்மா ஏன் இன்னும் சாப்பிடேல்லை?" அடுப்பை மறந்த சம்பவத்துக்குப் பின் தாய் குசினிக்குள் கால் வைத்தாலே "அங்க போகாதேங்கோ அம்மா" என்று குரல் வரும். மகள் அக்கறையில்தான் செய்தார். ரொறன்ரோவில் இரவு, தாயின் நினைவில் நித்திரை வராமல் போனைத் திறந்து பார்க்கிறார். அந்தத் தவிப்பை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

ஆனால் வீட்டுக்குள் நடந்தது என்ன? பெண்கள் இருவரும் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். பராமரிக்கும் பெண் எப்போதும் வேலை செய்துகொண்டிருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்து நாலு வார்த்தை கதைத்தால் வேலை செய்யாமல் இருக்கிறார் என்று ஆகிவிடும். ஒரே கூரைக்குக் கீழ் இருந்த ஒரே மனிதத் துணையும் இப்படி அற்றுப்போனது. அந்தப் பெண்ணுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் லீவு. தன் பிள்ளைகளை நினைத்து அவரும் இரவில் அழுதிருக்கிறார். பராமரிப்பவரின் மனநிலையைக் கேட்காமல் முதியவரின் மனநிலையை மட்டும் சரிசெய்ய முடியாது. இருவரும் ஒரே வீட்டுக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

பிள்ளைகளோடு

ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால இடைவெளி. சுவிஸ், லண்டன் நேரங்களையும் பொருத்தி, ஒரு ஞாயிறு பின்னேரம் வாட்ஸ்அப்பில் மூவரையும் சேர்த்து எடுத்தோம். தாய் காதுக் கருவியோடு பக்கத்தில் இருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவரோடு முன்கூட்டியே பேசியிருந்தேன். அவருக்காக நான் சொல்வதைவிட அவரே சொல்வது முக்கியம் என்று நினைத்தேன்.

முதலில் வழமையான யோசனைகள் வந்தன. கனடாவுக்குக் கூப்பிடலாம் என்றார் மூத்தவர். 2012இல் ஐந்து மாதம் இருந்து பார்த்தவர் தாய். பனிக்காலத்தில் யன்னலருகே இருந்ததைத் தவிர அவருக்கு நினைவில் எதுவும் இல்லை. காசு கட்டிச் சேர்க்கிற நல்ல முதியோர் இல்லம் ஏதும் உண்டா என்று இளையவர் கேட்டார். கைதடியில் உள்ள அரச முதியோர் இல்லம் ஆதரவற்றவர்களுக்கானது. தனியார் இல்லங்கள் சில இருக்கின்றன, விபரம் சொன்னேன். தாய் பேசவில்லை. பழைய இரவல் காணிக்கே போகலாமா என்று பார்த்தோம். காணிக்காரர் அதில் வீடு கட்டத் தொடங்கிவிட்டார்.

அப்போது தாயின் விருப்பத்தை எடுத்து வைத்தேன்: கிழமையில் இரண்டு நாள் பழைய அயலில், பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தவர் வீட்டில், தங்கி வருவது.

மகனுக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு செலவழிச்சு வீடு கட்டிக் குடுத்தும் அம்மா ஆக்களின்ரை வீட்டிலை படுக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?" இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். நம் சமூகத்தில் தாயை எங்கே வைத்திருக்கிறோம் என்பதை வைத்துத்தான் பிள்ளைகளை அளப்பார்கள். அந்தப் பயம் பொய்யானது இல்லை.

தாய் சொன்னார்: "வீடு நல்ல வீடு மோனை. ஒரு குறையும் இல்லை. எனக்குக் கதைக்க ஆள் இல்லை." கொஞ்ச நேரம் கழித்து, "அங்க என்னைத் தேடி வருங்கள்" என்றார்.

மகன் உடனே சம்மதிக்கவில்லை. அங்கே கழிவறை எப்படி, இரவில் வருத்தம் என்றால் யார் கொண்டுபோவது என்று ஒன்றொன்றாகக் கேட்டார். கேள்விகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பதில் தேட முடிந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு, முதலில் ஒரு நாள் செய்து பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்.

செய்தவை

மனநல வைத்தியர் மனச்சோர்வுக்கான சேர்ட்ரலின் மருந்தை 25 மில்லிகிராமில் தொடங்கி 50க்கு ஏற்றினார். முதியவர்களுக்கு இந்த மருந்தால் இரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் இடையில் இரத்தம் சோதித்தார்கள். பலன் தெரிய ஆறு கிழமை வரை எடுக்கும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே சொன்னோம். இல்லாவிட்டால் இரண்டாம் கிழமையிலேயே "இது சரிவராது" என்று நிறுத்திவிடுவார்கள்.

வீட்டுக்குள் இருந்த கமராக்களில் இரண்டைக் கழற்றினோம். கேற்றில் ஒன்றும் விறாந்தையில் ஒன்றும் இருக்கும், விறாந்தைக் கமராவில் குரலை நிறுத்திவிட்டார்கள். படுக்கையறை வாசலுக்குக் கமராவுக்குப் பதில் ஒரு அழைப்பு மணி. குசினி திரும்பத் தாயிடம் வந்தது, ஒரு நிபந்தனையோடு: காஸ் அடுப்பைப் பற்றவைப்பதும் அணைப்பதும் பராமரிக்கும் பெண். மற்றதெல்லாம் தாயின் சொற்படி. குளியலறையில் வழுக்காத பாய், கைபிடி. மேல்மாடிக்கு அவர் போவதில்லை.

தினமும் மூன்று போன், மூன்றிலும் சாப்பிட்டியளோ, குளிசை போட்டியளோ, நித்திரை வந்ததோ என்ற அதே கேள்விகள். இதை மாற்றச் சொன்னேன். குளிசை விபரத்தைப் பராமரிக்கும் பெண் குரல்பதிவாக அனுப்பிவிடுவார். தாயோடு கதைக்கும்போது அவரிடம் எதையாவது கேளுங்கள், உண்மையாகவே உங்களுக்குத் தேவையானதைக் கேளுங்கள் என்றேன். போலியாகக் கேட்டால் வயதானவர்களுக்கு உடனே விளங்கிவிடும். மூத்த மகளின் மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. சரக்குத்தூள் அனுப்ப முடியுமா என்று மகள் கேட்டார். முன்பு "அங்க எல்லாம் வாங்கலாம், கஷ்டப்படாதேங்கோ" என்று சொன்ன அதே மகள். தாய் இரண்டு நாள் குசினியிலேயே நின்றார், வீடெல்லாம் மல்லியும் மிளகும் மணந்தது. பராமரிக்கும் பெண்ணுக்கு அளவு சொல்லிக் கொடுத்தார். அவர் அதை எழுதி வைத்திருக்கிறார்.

கிழமையில் ஒரு நாளாகத் தொடங்கிய பழைய அயல் பயணம் இரண்டு நாளானது. பழக்கமான ஓட்டோக்காரர் ஒருவரோடு மாதக் கணக்குப் பேசினோம். அந்த இரண்டு நாளும் பராமரிக்கும் பெண் தன் பிள்ளைகளிடம் போகிறார், சம்பளத்தில் வெட்டு இல்லை. தங்கவைக்கும் அயல்காரியும் வயதானவர்தான், 67. காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். காசு கொடுத்தால் அந்த உறவு கூலியாகிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. வாங்காமல் விட்டால் காலப்போக்கில் அவருக்குப் பாரமாகும். கடைசியில் சமையல் சாமான்களைத் தாய் கொண்டுபோவது, இளைய மகள் அயல்காரியின் பேரனின் படிப்புச் செலவில் ஒரு பங்கை ஏற்பது என்று இரண்டு வீட்டுக்கும் மரியாதையான ஒரு வழிக்கு வந்தார்கள்.

இன்றைய நிலை

ஆறாம் மாத முடிவில் மனச்சோர்வு அளவுகோலில் 5. எடை 54 கிலோ. நித்திரைக் குளிசை இல்லாமல் ஐந்து மணித்தியாலம் தூங்குகிறார். ஞாபகச் சோதனையில் 26. காதும் மனமும் தெளிந்ததால் ஏறிய புள்ளிகள் அவை. இருந்தாலும் முதுமையில் முதன்முதலாக வரும் மனச்சோர்வு சிலரிடம் மறதி நோயின் முன்னறிகுறியாகவும் இருப்பதுண்டு. அதனால் வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பதென்று குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறோம்.

சரிவராத விடயங்களும் இருக்கின்றன. புது வீட்டில் இருக்கும் ஐந்து நாட்கள் இப்போதும் நீளமானவை, அங்கே திரும்பும் நாளில் சாப்பாடு குறைகிறது. காதுக் கருவியைச் சனக்கூட்டத்தில் போடமாட்டார், கோவிலில் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவார். அயல்காரிக்கு முழங்கால் வருத்தம். அவருக்கு ஏலாமல் போனால் என்ன செய்வது என்று இப்போதே பேசி வைக்க வேண்டும், மகன் இன்னும் அந்தப் பேச்சுக்கு வரவில்லை. பராமரிக்கும் பெண்ணின் சம்பளமும் லீவும் வாய்ப்பேச்சில்தான் இருக்கின்றன, எழுத்தில் போட வேண்டும்.

அதே கிராமத்தில் இப்படித் தனியே இருக்கும் இன்னும் சில முதியவர்களைக் கிராம சேவகர் மூலம் தெரிந்துகொண்டோம். மீள்குடியேறிய இடங்களில் முதியோர் சங்கம் நடத்தச் சனம் போதாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு பழைய அயல் இருக்கிறது: மல்லாகத்தில், சுன்னாகத்தில், அளவெட்டியில். அவர்களைக் கிழமைக்கொருமுறை அந்தப் பக்கங்களுக்கு ஏற்றி இறக்க ஒரு வான் கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். வானுக்கு ஆகும் டீசல் செலவில் ஒரு பங்கைத் தான் தருவதாக மகன் சுவிஸிலிருந்து எழுதியிருக்கிறார்.